சாத்தானைக் கூப்பிட்டவள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், பழைய ஆங்கில நாவல்களில் உங்களுக்கு மறக்க முடியாத பெண் யார் என்று கேட்டிருந்தார். சார்லட் டேக்கர் 1806-இல் எழுதிய 'ஸோஃப்ளோயா'வில் வரும் விக்டோரியா என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் இணையத்தில் தேடிப் பிடித்துப் படிக்கவே தொடங்கிவிட்டார்கள். மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை விக்டோரியாவுக்கே இடம் கொடுக்கிறேன்.

எங்கள் பாடத்தில் கோதிக் நாவல் என்றால் பாழடைந்த கோட்டை, துரத்தும் வில்லன், மயங்கி விழும் பெண் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் பெண்ணே வில்லி என்கிறீர்கள். கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள், மேடம்.
– பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவி, திருநெல்வேலி

உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். 1764-இல் ஹொரேஸ் வால்போல் 'ஒட்ரான்டோ கோட்டை'யோடு தொடங்கி வைத்த மரபு அது. 1794-இல் ஆன் ராட்கிளிஃப் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' எழுதியபோது அதன் உச்சத்தைத் தொட்டார். அவருடைய எமிலி நல்ல பெண். அநாதை. கோட்டையில் அடைபட்டு, திரைக்குப் பின்னால் எதையோ பார்த்து மயங்கி, கடைசியில் தப்பித்துக் காதலனை மணக்கிறாள். இரண்டே ஆண்டுகளில், 1796-இல், மாத்யூ லூயிஸ் 'துறவி' என்ற நாவலைக் கொண்டுவந்தார். அதில் அம்ப்ரோசியோ என்ற துறவி காமத்தில் விழுந்து, கொலைகாரனாகி, சாத்தானுக்குத் தன்னை எழுதிக் கொடுக்கிறான். டேக்கர் லூயிஸின் ரசிகை. 1805-இல் வந்த தன் முதல் நாவலை அவருக்கே காணிக்கையாக்கினார். அடுத்த ஆண்டு 'ஸோஃப்ளோயா'வில் அவர் செய்த துணிச்சல் இதுதான்: துறவி நின்ற இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினார்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தாலும் சுவை குறையாத நாவல் இது.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி, வெனிஸ் நகரம். லொரேதானி என்ற பிரபுவின் மகள் விக்டோரியாவுக்குப் பதினைந்து வயது. கர்வம், பிடிவாதம், பழிவாங்கும் குணம் எல்லாம் அப்போதே உண்டு. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஆர்டோல்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபுவோடு அம்மா லௌரினா ஓடிப்போகிறாள். மகன் லியோனார்டோ அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். அப்பா ஆர்டோல்ஃபின் கையாலேயே சாகிறார். சாகும்போது, அவனை விட்டு விலகி மகளை ஒழுங்காக வளர்ப்பதாக மனைவியிடம் சத்தியம் வாங்குகிறார். சத்தியம் நிற்கவில்லை. அம்மா, காதலன், மகள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

அங்கே வரும் பெரென்ஸா என்ற வெனிஸ் பிரபு விக்டோரியாவை விரும்புகிறான். அம்மாவும் ஆர்டோல்ஃபும் அவளை ஏமாற்றி அழைத்துப்போய், ட்ரெவிஸோ பக்கத்தில் ஒரு கண்டிப்பான உறவுக்காரக் கிழவியின் வீட்டில் விட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். விக்டோரியா அங்கே உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. வேலைக்காரப் பெண்ணைச் சிநேகம் பிடித்து, அவளோடு உடையை மாற்றிக்கொண்டு, காட்டு வழியாக நடந்தே வெனிஸை நோக்கிப் புறப்படுகிறாள். மற்ற கோதிக் நாவல்களில் நாயகி தப்பிப்பது கடைசிப் பாகத்தில். இங்கே முதல் பாகத்திலேயே, யாருடைய உதவிக்கும் காத்திராமல் தப்பித்துவிடுகிறாள்.

பெரென்ஸாவோடு சேர்ந்து வாழ்கிறாள். பிறகு அவன் மனைவியாகிறாள். அவன் தம்பி ஹென்ரிகெஸ் வீட்டுக்கு வந்ததும் அவன்மேல் அடக்க முடியாத ஆசை வருகிறது. ஹென்ரிகெஸோ, லில்லா என்ற அநாதைப் பெண்ணைக் காதலிக்கிறான். ஹென்ரிகெஸின் பணியாள்தான் ஸோஃப்ளோயா. ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து வந்த மூர் இனத்தவன் (அங்கே வாழ்ந்த வட ஆப்பிரிக்க வழிவந்த முஸ்லிம்), உயர்குடியில் பிறந்து அடிமையானவன். அவன் விக்டோரியாவின் கனவில் வருகிறான். பிறகு நேரில் வருகிறான். மருந்துகள் தெரியும் என்கிறான்.

அதன்பின் கதை ஓடுகிற வேகம் வேறு. விக்டோரியா கணவனுக்குச் சிறிது சிறிதாக நஞ்சு கொடுக்கிறாள். அதுவும் தன் கையாலேயே. அப்பென்னைன் மலைக்கோட்டையில் அவன் நாளுக்கு நாள் நலிந்து, அவள் செய்யும் பணிவிடையைப் பார்த்து உருகியபடியே சாகிறான். அதற்கு முன்பே, அந்த நஞ்சு வேலை செய்கிறதா என்று லில்லாவின் வயதான உறவுக்காரப் பெண்மணிமேல் சோதித்துப் பார்த்தாயிற்று. ஹென்ரிகெஸ் அவளை வெறுத்து ஒதுக்கியதும், லில்லாவைக் கடத்தி மலைக்குகையில் சங்கிலியால் பிணைத்து வைக்கிறாள். மருந்து கொடுத்து ஹென்ரிகெஸின் கண்ணுக்குத் தன்னை லில்லாவாகத் தோன்ற வைக்கிறாள். விடிந்ததும் பக்கத்தில் கிடப்பவள் யார் என்று பார்த்த அவன் வாளை நட்டு அதன்மேல் பாய்ந்து சாகிறான். அவள் நேரே குகைக்கு ஓடி லில்லாவைக் கொல்கிறாள். கடைசியில் கொள்ளைக்காரர்களிடம் அடைக்கலம், படைவீரர்கள் சூழ்ந்த நேரத்தில் ஸோஃப்ளோயாவிடம் சரணாகதி. அப்போது அவன் தான் யார் என்று காட்டுகிறான். சாத்தான். அவளைத் தூக்கி மலையிடுக்கில் வீசுகிறான்.

ஒரு விஷயத்தை மட்டும் படிக்கும்போது கவனியுங்கள். இந்த நாவலின் சாத்தான் எதையும் முதலில் சொல்வதில்லை. தோட்டத்தில் முதல்முறை தனியாகப் பேசும்போது விக்டோரியா தயங்குகிறாள், பாதி சொல்லி நிறுத்துகிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் பொறுமையாக நிற்கிறான். மீதியையும் அவளே சொல்லும்வரை காத்திருக்கிறான். உன் எண்ணத்துக்கே என்னை இழுக்கும் சக்தி உண்டு என்று பிறகு ஒருமுறை சொல்கிறான். அவள் நினைக்கும்போதெல்லாம் மரத்தின் பின்னாலிருந்தோ பாறையின் மேலிருந்தோ வந்து நிற்கிறான். நான் இந்த நாவலை மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் முதுகலை வகுப்புக்கு நடத்தியபோது, ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் வரும் உரையாடலை வகுப்பில் இருவர் இருவராக எழுந்து நின்று வாசிக்கச் சொல்வேன். பாதி வாசிப்பதற்குள் வகுப்புக்கே தெரிந்துவிடும், கேட்பது யார், கொடுப்பது யார் என்று.

விக்டோரியா கெட்டுப்போனதற்கு ஓடிப்போன தாய்தான் காரணம் என்று நாவலே திரும்பத் திரும்பச் சொல்கிறது. கெட்ட பிள்ளைக்கு எப்போதும் அம்மாவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்களா? படிக்கவே எரிச்சலாக இருந்தது.
– பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

எரிச்சல் நியாயமானது. லௌரினா படும் பாடு கொஞ்சநஞ்சமா? ஆர்டோல்ஃபின் கையால் அடி உதை பட்டு, குற்றுயிராகக் கிடக்கும்போதும் மகள் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரவில்லை. மகன் லியோனார்டோ மன்னிக்கிறான். அவனும் கொலைகாரன்தான், விக்டோரியா கடைசியில் அடைக்கலம் புகும் அந்தக் கொள்ளைக்கூட்டத்தின் தலைவன்தான். ஆனால் தாயின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறான். விக்டோரியா ஒதுங்கி நின்று, நான் இப்படி ஆனதற்கு நீதான் காரணம் என்று சாகிறவளிடம் சொல்கிறாள்.

இங்கே டேக்கர் என்ன செய்கிறார் என்று நிதானமாகப் பார்ப்போம். தாய்மீது பழி போடும் வாதத்தை நாவலிலேயே உரக்கச் சொல்கிறவள் விக்டோரியாதான். அதைச் சொல்வது அவளுக்கு வசதி. அதே தாய்க்குப் பிறந்து, அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் வேறு மாதிரி நடந்துகொள்வதை அதே காட்சியில், இரண்டடி தூரத்தில் நிறுத்திக் காட்டுகிறார் ஆசிரியர். தாய்தான் முழுக் காரணம் என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தால் லியோனார்டோ அங்கே அழ வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் ஒன்று. நாவலின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நடந்ததை மட்டும் அடுக்கினால் போதாது, காரணங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதல் பத்தி சொல்கிறது. காரணம் என்றால் வளர்ப்பு, சூழல், மனிதக் குணம். கடைசிப் பத்தியோ, தீமையின் மேலுள்ள ஆசை நம்மோடு பிறந்தது என்றால் அது கடவுளை அவமதிப்பதாகும், ஆகவே நரகத்தின் தூண்டுதல் என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும் என்கிறது. காரணத்தைத் தேடப் புறப்பட்டவர் சாத்தான்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார். ஆசிரியர் குழம்பிவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1806-இல் ஒரு பெண், இப்படி ஒரு கதையை அச்சில் கொண்டுவர வேண்டுமானால் முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒரு நீதிபோதகரை நிறுத்தத்தான் வேண்டும். நடுவிலுள்ள மூன்று பாகங்களிலும் விக்டோரியா தானாகவே யோசிக்கிறாள், தானாகவே முடிவெடுக்கிறாள். நான் நம்புவது அந்த நடுப்பகுதியை.

சாத்தானே அதற்குச் சாட்சி. மலையுச்சியில் தன் உருவத்தைக் காட்டும்போது, உன்னைப்போல் விருப்பத்தோடு இணங்கியவரைப் பார்த்ததில்லை என்ற தோரணையில் பேசுகிறான். உன்னைக் கெடுத்தது உன் தாய் என்று அவன்கூடச் சொல்லவில்லை.

பெரென்ஸா நல்ல மனிதன். அவளுக்கு அடைக்கலம் கொடுத்தான், மணந்துகொண்டான். அவனைக் கொல்கிறவளை எப்படி உங்களால் ரசிக்க முடிகிறது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

நல்ல மனிதன்தான். அன்பானவன், கண்ணியமாகப் பேசுகிறவன். அவன் சாகும் அத்தியாயங்கள் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அவள் செயலை நான் ரசிக்கவில்லை ஐயா. அவளைப் படைத்த எழுத்தை மதிக்கிறேன்.

அதே சமயம் பெரென்ஸாவின் கணக்கையும் பாருங்கள். போக்கிடமில்லாமல் வந்த பெண்ணை ஆசைநாயகியாக வைத்துக்கொள்கிறான். ஓடிப்போனவளின் மகளை எப்படி மனைவியாக்குவது என்ற யோசனை அவனுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தன் விருப்பப்படி அவள் குணத்தை வார்த்தெடுக்கலாம் என்றும் ஒரு நம்பிக்கை. பிறகு ஓர் இரவு, அவனுடைய பழைய காதலி மெகலேனா ஸ்ட்ரோஸி ஏவிய ஒருவன் கத்தியோடு படுக்கையறைக்குள் வருகிறான். விக்டோரியா குறுக்கே விழுந்து அந்தக் குத்தைத் தன் தோளில் வாங்குகிறாள். குத்தியவன் அவள் சொந்த அண்ணன் லியோனார்டோ. அதை அவள் பெரென்ஸாவிடம் சொல்லவே இல்லை. அந்தக் காயத்துக்குப் பிறகுதான், இவள் மனைவியாக இருக்கத் தகுதியானவள் என்று பெரென்ஸா முடிவுக்கு வருகிறான். அதுவரை தகுதியில்லை என்றுதான் நினைத்தேன் என்பதை அவளிடம் வாய்விட்டும் சொல்லிவிடுகிறான்.

அவன் மனம் திறந்து, அன்போடு சொன்ன சொல் அது. அவள் மனத்தில் நஞ்சு விழுந்த நாளும் அதுதான். ஹென்ரிகெஸ் வருவதற்கு வெகு முன்பே பெரென்ஸாவின் சாவு தொடங்கிவிட்டது என்று நான் வாசிக்கிறேன். இதனால் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் நல்லவன் ஒருவன் தன் நல்ல மனத்தோடேயே ஒரு பெண்ணை எப்படி எடைபோட்டு வைத்திருந்தான் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல்கள் அந்தக் காலத்தில் குறைவு.

கறுப்பு நிறத்தவனைச் சாத்தானாக்கியிருப்பது அப்பட்டமான இனவெறி இல்லையா? இதைக் கொண்டாடலாமா?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த நாவலைப் படிக்கக் கூடாது. ஆம், அன்றைய வாசகருக்குக் கறுப்புத் தோல் என்றால் நரகத்தின் நிறம் என்ற நினைப்பு தயாராக இருந்தது. டேக்கர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார். பிரிட்டனில் அடிமை வணிகத்துக்குத் தடைச்சட்டம் வந்தது 1807-இல். நாவல் அதற்கு முந்தைய ஆண்டு. நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அடிமைகளைப் பற்றி அனல் பறக்க விவாதம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஓர் அடிமை தன் எஜமானக் குடும்பத்தையே அழிக்கும் கதை வெளியானது என்பதை மறக்க முடியாது.

ஆனால் அவனை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வெள்ளையும் தங்கமும் கலந்த உடை, மரகதம் பதித்த வெண்தலைப்பாகை, அதில் அசையும் பச்சை இறகு, வெறும் கைகால்களில் முத்து வளையங்கள். அந்த வீட்டிலேயே மிக அழகானவன், மிக நாகரிகமானவன், இசை தெரிந்தவன் அவன்தான். ஆணும் பெண்ணுமாக வெனிஸ்காரர்கள் யாரும் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. என் முகத்தின் நிறம்தான் என் நெஞ்சுக்கும் என்று நினைக்கிறீர்களா, தோற்றத்தை வைத்து எடைபோடாதீர்கள் என்று விக்டோரியாவிடமே கேட்கிறான்.

கதையில் பலரும் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. நடுவில் ஸோஃப்ளோயா சில நாள் காணாமல் போகிறான். லதோனி என்ற இன்னொரு பணியாள், பொறாமையில் அவனைக் குத்திக் கால்வாயில் தள்ளிவிட்டதாகச் சாகும் தறுவாயில் ஒப்புக்கொள்கிறான். சொல்லி முடித்த சற்று நேரத்தில் ஸோஃப்ளோயா உயிரோடு வந்து நிற்கிறான். எல்லோரும் மகிழ்கிறார்கள். முடிவில் சாத்தான் சொல்வது, அந்த மூர் அடிமையின் உருவத்தில் வந்தவன் நான் என்று. அப்படியானால் உண்மையான ஸோஃப்ளோயா கால்வாயிலேயே செத்துக்கிடக்கிறான். கிறிஸ்தவ அரசர்களிடம் கிரனாடா வீழ்ந்தபின் அடிமையாகி, அந்நிய ஊரில் சக பணியாள் ஒருவனின் பொறாமைக்குப் பலியான மனிதன். அவனுக்காக நாவலில் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. சாத்தான் அவன் உருவத்தை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஆசிரியர் இதைத் திட்டமிட்டு எழுதினாரா என்று என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறது, நீங்களே வாசித்துப் பாருங்கள். நாவலின் இனப்பார்வையை இது கழுவிவிடாது. ஆனால் உங்கள் ஆய்வுக்கு இங்கே வேலை இருக்கிறது.

எழுதியவர் யார்? இப்படியெல்லாம் எழுத அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

சார்லட் டேக்கர் என்பது புனைபெயர். கவிதைகளுக்கு ரோஸா மடில்டா என்று இன்னொரு பெயர். லூயிஸின் 'துறவி'யில் துறவியை மயக்கும் பெண்ணின் பெயரும் மடில்டாதான் என்பது தற்செயலாக இருக்க முடியாது. பிறந்த பெயர் சார்லட் கிங். அப்பா ஜான் கிங் லண்டனில் பேர்போன யூத லேவாதேவிக்காரர். பிரபுக்களுக்குக் கடன் கொடுத்தவர், வழக்குகளுக்கும் வதந்திகளுக்கும் குறைவில்லாதவர். 1785-இல் அவர் மனைவியை மணவிலக்கு செய்துவிட்டு லேன்ஸ்பரோ சீமாட்டியோடு வாழப் போனார். அப்போது சார்லட் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய சிறுமி. நாவலில் குடும்பத்தை விட்டுப் போவது அம்மா. அவர் வீட்டில் போனது அப்பா.

1798-இல் தங்கை சோஃபியாவோடு சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகையின் ஆசிரியர் நிக்கலஸ் பைர்ன் மணமானவர். அவரோடு சார்லட் வாழ்ந்தார், மூன்று குழந்தைகள் பிறந்தன. 1815-இல்தான் திருமணம் நடந்தது. ஆசைநாயகியாக வாழும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும், அவள் எப்படித் திருப்பிப் பார்ப்பாள் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 1825-இல் லண்டனில் இறந்தார்.

ஜேன் ஆஸ்டினைத் தெரியாதவர் இல்லை. டேக்கரைத் தெரிந்தவர் இல்லை. ஏன்?
– கே.ஆர்., சேலம்

அன்று அவரை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். கவிஞர் பைரன் 1809-இல் தன் அங்கதக் கவிதையில் ரோஸா மடில்டாவைச் சீண்டுகிறார் என்றால் அந்தப் பெயர் வாசகருக்குப் பழக்கமாக இருந்தது என்று அர்த்தம். 1810-இல் இந்த நாவலை 'வெனிஸின் பிசாசு' என்று சுருக்கி மலிவுப் பதிப்பாகப் போட்டார்கள். பின்னால் கவிஞராகப் புகழ்பெற்ற ஷெல்லி, பள்ளிப் பையனாக இருந்தபோது இதில் மயங்கித்தான் 'ஸஸ்ட்ரோஸி' என்ற தன் முதல் நாவலை எழுதினார். அதுவும் 1810. பிறகு விக்டோரியா மகாராணியின் காலம் வந்தது. அந்தக் காலத்துக்கு இந்த விக்டோரியா ஒத்துவரவில்லை. 1928-இல் ஒரு மறுபதிப்பு. 1997-இல் ஆக்ஸ்ஃபர்டு, பிராட்வியூ என்ற இரு பதிப்பகங்களும் ஒரே ஆண்டில் தனித்தனியாக நல்ல பதிப்புகள் கொண்டுவந்தன. எங்களைப் போன்றவர்கள் வகுப்பில் நடத்த முடிந்தது அதற்குப் பிறகுதான்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

இரண்டு ஆண்டுகள் போகட்டும். கொலைகளைவிட, மருந்து கொடுத்து ஹென்ரிகெஸை ஏமாற்றும் இரவுதான் எனக்குத் தயக்கம். அது வன்புணர்வுதான். பாதிக்கப்பட்டவன் ஆண் என்பதால் வாசகர் அதைச் சுலபமாகக் கடந்துவிடக்கூடும். அதைப் பேசிப் புரிந்துகொள்ளும் வயதில் படிக்கட்டும்.

லில்லா என்ன பாவம் செய்தாள்? அவளை ஏன் இவ்வளவு கொடூரமாகக் கொல்ல வேண்டும்? அந்த அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.
– செவிலியர், நாகர்கோவில்

என் வகுப்பிலும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் இதையேதான் கேட்டாள்: "மேடம், லில்லா என்ன தப்பு பண்ணா?" ஒன்றுமே இல்லை. பொன்னிறக் கூந்தல், மெலிந்த உடல், மென்மையான குரல், களங்கமில்லாத மனம். அவள் வேறு நாவலிலிருந்து வழி தவறி வந்தவள். ராட்கிளிஃப் எழுதியிருந்தால் அவள்தான் நாயகி. குகையும் சங்கிலியும் அவளுக்கான சோதனைகள், கடைசியில் காதலன் வந்து மீட்டிருப்பான்.

கொலைக்கு வெகு முன்பே ஓர் இடம் வருகிறது. விக்டோரியா உயரமானவள், கம்பீரமான முகவெட்டு. ஹென்ரிகெஸ் லில்லாவைப் பார்க்கும் பார்வையைக் கண்டபின், இந்தப் பெரிய உடம்பு அவளுடையதைப்போல் சுருங்கிவிடாதா, ஆண்மை தெரியும் இந்த முகம் அவளுடைய குழந்தை முகமாகிவிடாதா என்று ஏங்குகிறாள். அந்த ஒரு கணத்தில் எனக்கு அவள்மேல் இரக்கம் வரும். எதற்கும் தலைகுனியாதவள், அழகு என்று ஊர் தீர்மானித்து வைத்த ஓர் அளவுக்கு முன்னால் குறுகி நிற்கிறாள்.

பிறகு குகை. லில்லாவை இழுத்துக்கொண்டு மலைவிளிம்புக்கு வருகிறாள். லில்லா விலகி ஓடி, பள்ளத்தின்மேல் சாய்ந்து நிற்கும் இடிவிழுந்த ஓக் மரத்தின் கிளையைக் கட்டிக்கொள்கிறாள். மரம் ஆடுகிறது. கீழே அதல பாதாளம். பயந்து பிடியை விட்டுத் திரும்பி வந்து மண்டியிடுகிறாள். நாம் தோழிகளாக இருந்தோமே என்று கெஞ்சுகிறாள். விக்டோரியா குத்துவாளால் கணக்கில்லாமல் குத்திப் பள்ளத்தில் தள்ளுகிறாள். பாறைகளில் மோதி மோதி விழும் உடல் சிறிதாகிக்கொண்டே போவதைக் கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

டேக்கர் இங்கே நம் முகத்தைத் திருப்ப விடவில்லை. பெண்களின் பொறாமை என்றால் நாலு குத்தல் பேச்சு, ஒரு சூழ்ச்சிக் கடிதம் என்று மற்ற எழுத்தாளர்கள் அளந்து வைத்திருந்தார்கள். ஆண் வில்லனுக்குக் கொடுக்கும் உடல்பலமும் கோபமும் ஒரு பெண்ணுக்கும் உண்டு என்றால் அதன் முழுக் கோரத்தையும் பார்க்க வேண்டும் என்று இவர் காட்டுகிறார். பெண்ணின் வலிமையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவளை நல்லவளாகவும் ஆக்கிவிடுவார்கள். இவர் அந்தச் சலுகையைக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் புத்தகத்தை விட முடியாமல் வைத்திருக்கிறேன். மருத்துவமனையில் தினமும் காயங்களைப் பார்க்கிற உங்களுக்கு அந்தப் பக்கம் தாங்கவில்லை என்றால் புரிந்துகொள்கிறேன். மூடியதில் தவறே இல்லை. ஆனால் மீதி அத்தியாயங்கள் சில மட்டுமே. அதற்கப்புறம் விக்டோரியாவுக்கு ஒரு நாள்கூட நிம்மதி இல்லை. லில்லாவிடம்கூடக் காணாத பயம் அவளுக்கு வருகிறது.

நாற்பது பக்கம் தாண்டவில்லை. வாக்கியங்கள் நீளம், கோடு கோடாக வருகிறது, ஆச்சரியக்குறி வேறு. எப்படிப் படிப்பது?
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

வாய்விட்டுப் படியுங்கள். அந்தக் கோடுகள் மூச்சு வாங்கும் இடங்கள், நடிகர் மேடையில் நிறுத்துவதுபோல. லௌரினாவும் ஆர்டோல்ஃபும் உருகும் தொடக்கப் பகுதி கொஞ்சம் இழுக்கும். அங்கே வேகமாகப் புரட்டினாலும் குற்றமில்லை. விக்டோரியா அந்தக் கிழவியின் வீட்டிலிருந்து தப்பும் இடத்தில் நிதானமாக உட்காருங்கள். அங்கிருந்து லியோனார்டோவின் கிளைக்கதை ஒன்று வரும், அதைத் தவிர்க்காதீர்கள், பின்னால் தேவைப்படும். இரண்டாம் பாகத்தில் ஸோஃப்ளோயா வந்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை. குறிப்புகள் வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபர்டு பதிப்பு வாங்குங்கள். பிராட்வியூ பதிப்பில் பின்னிணைப்புகள் அதிகம், ஆய்வு செய்பவர்களுக்கு அது உதவும்.